ஒரே ஜப்பான் கடன், இரண்டு கட்டடங்கள்: அரசுகள் கைகோக்கும் வழிகளில் மதுரைக்கு எது லாபம்?

கோரிப்பாளையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, மதுரைப் பெரியாஸ்பத்திரியின் புதுக் கட்டடத்தையும் தோப்பூர் எய்ம்ஸையும் பற்றி ஓர் ஆட்டோக்காரத் தம்பி கேட்டார். "ரெண்டும் ஜப்பான்காரன் காசுதானேண்ணே? இங்க கட்டி முடிச்சு ஆபரேஷனே பண்றாங்க. தோப்பூர்ல மட்டும் ஏன் அம்புட்டு நாள் இழுத்துச்சு?"

அப்போது ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், பதில் சொல்வதற்கு முன் நாலைந்து அரசுகளின் கணக்குப் புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருந்தது. மருத்துவத்துக்காக அரசுகள் ஒன்றோடொன்று கைகோக்கும் முக்கியமான வழிகள் எல்லாவற்றுக்கும் மதுரையிலேயோ, மதுரையிலிருந்து இரண்டு மூன்று மணி நேர பஸ் தூரத்திலேயோ ஓர் உதாரணம் இருக்கிறது. எது நல்ல வழி என்று பார்க்க நான் வைத்துக்கொண்ட அளவுகோல் எளியது. காசு யாருடையது? கடன் என்றால் அடைப்பது யார்? கட்டிய பிறகு டாக்டருக்கும் நர்ஸுக்கும் சம்பளம் யார் தருவது? லிஃப்ட் நின்றுபோனால் யாரைத் திட்டுவது?

எண்பதுக்கு இருபது

முதலில் பழைய வழி. மத்திய அரசு பெரும்பங்கு, மாநில அரசு சிறுபங்கு. பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது அரசு இராஜாஜி மருத்துவமனைக்கு, அண்ணா பஸ் ஸ்டாண்ட் பக்கம் உள்ள பல்நோக்கு உயர் சிகிச்சைக் கட்டடம் அப்படி வந்ததுதான். 2013-இல் மத்திய அமைச்சரவை 39 மருத்துவக் கல்லூரிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் 150 கோடி ரூபாய் என்று ஒதுக்கியது. அதில் 120 கோடி டெல்லி, 30 கோடி சென்னை. மதுரை, தஞ்சாவூர், திருநெல்வேலி மூன்றுக்கும் ஒரே நாளில், 2019 ஜனவரி 27 அன்று, திறப்பு விழா நடந்தது. அதே நாளில் அதே மேடையில் தோப்பூர் எய்ம்ஸுக்கு அடிக்கல். அந்தக் கதைக்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

எண்பதுக்கு இருபது என்றால் மாநிலத்துக்குக் கொள்ளை லாபம் என்று தோன்றும். அந்தக் கணக்கு கட்டடத்தோடு முடிந்துவிடுகிறது. உள்ளே உட்காரும் சிறுநீரக நிபுணர், நரம்பியல் நிபுணர், டெக்னீஷியன், துப்புரவுப் பணியாளர், மின்சார பில், எல்லாம் மாநிலத்தின் தலையில். கல்யாணச் செலவில் முக்கால்வாசியை மாமா ஏற்றுக்கொண்டார் என்பதற்காக அதற்கப்புறம் குடும்பம் நடத்தும் செலவையும் அவரா பார்ப்பார்?

தேசிய சுகாதார இயக்கமும் இந்த வகைதான். 2005-இல் கிராமங்களுக்காகத் தொடங்கியது. 2015-16 முதல் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று பங்கு. ஆரம்ப சுகாதார நிலையத்து ஒப்பந்த நர்ஸ் முதல் தடுப்பூசி முகாம் வரை இதன் காசு ஓடாத இடம் குறைவு. இதில் சிக்கல் பெயர்ப்பலகையில் வரும். 2023-இல் நலவாழ்வு மையங்களுக்கு 'ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்' என்று பெயர் மாற்றச் சொன்னது டெல்லி. அதற்கு முன்பே பஞ்சாபில், மாநில அரசு தன் கட்சிப் பெயரை நினைவூட்டும் விதமாகக் கிளினிக்குகளுக்குப் பெயர் வைத்தது என்று சொல்லி, இந்த இயக்கத்தின் நிதி நிறுத்தப்பட்டது. இரண்டு பக்கமும் பலகைக்குத்தான் சண்டை போட்டார்கள். மாத்திரை வாங்க வந்த பாட்டிக்குப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியாது.

மாநிலமே வாங்கும் கடன்

இரண்டாவது வழிதான் அந்த ஆட்டோத் தம்பி சொன்ன, "கட்டி முடிச்சு ஆபரேஷன் பண்ற" கட்டடம். 2016 மார்ச் 31 அன்று ஜைக்கா எனும் ஜப்பான் அரசின் உதவி நிறுவனம், தமிழ்நாட்டு நகர்ப்புற மருத்துவத்துக்காக 2,500 கோடி யென்னுக்குச் சற்று மேலான கடனுக்குக் கையெழுத்திட்டது. (யென் கோடியை ரூபாய்க் கோடி என்று படித்துவிட்டு வாய்பிளக்க வேண்டாம். ரூபாயைவிட யென் சின்னது.) மதுரை, கோயம்புத்தூர், சென்னை கீழ்ப்பாக்கம் ஆகிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்குப் பெரிய கட்டடங்கள். மதுரைப் பெரியாஸ்பத்திரியில் 300 கோடிக்கு மேல் செலவு, இருபதுக்கும் மேற்பட்ட அறுவை அரங்குகள். 2024 பிப்ரவரியில் திறந்தார்கள்.

வெளிநாட்டுக் கடனை மாநிலம் நேரே போய் வாங்கிவிட முடியாது. டெல்லி வாங்கித்தான் தர வேண்டும். ஆனால் 2005 ஏப்ரலிலிருந்து ஒரு மாற்றம்: தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு, வெளிநாட்டுக்காரன் என்ன நிபந்தனையில் டெல்லிக்குக் கொடுத்தானோ அதே நிபந்தனையில் அப்படியே கடத்திவிடுகிறார்கள். குறைந்த வட்டியும் நீண்ட தவணையும் மாநிலத்துக்குக் கிடைக்கும். யென் மதிப்பு ஏறினால் அந்த இடியும் மாநிலத்துக்குத்தான். வாங்கியவனே அடைக்க வேண்டும், நடத்த வேண்டும், திட்டும் வாங்க வேண்டும். என் அளவுகோலில் இதற்குத்தான் கூடுதல் மதிப்பெண். லிஃப்ட் நின்றால் போக வேண்டிய ஆபீஸ் ஒன்றுதான்.

செலவு என்று பார்த்தால் மாநிலத்துக்கு இதுதான் மிகக் கனமான வழி. முதலும் வட்டியும் சம்பளமும் மூன்றும் அதன் பையிலிருந்து. அதை மறைக்கக் கூடாது.

முழுக்க டெல்லியின் பொறுப்பு

இப்போது தோப்பூர். எங்கள் தலைமுறைக்குத் தோப்பூர், ஆஸ்டின்பட்டி என்றால் டிபி ஆஸ்பத்திரி. "தோப்பூருக்குக் கொண்டுபோயிருக்காங்க" என்று யாராவது சொன்னால் குரல் தாழ்ந்துவிடும். அந்த ஊர்ப் பெயருக்கு எய்ம்ஸ் ஒரு மறுவாழ்வு என்று நாங்கள் நிஜமாகவே மகிழ்ந்தோம்.

தேதிகளை வரிசையாக வைத்தால் தம்பியின் கேள்விக்கு விடை கிடைக்கும். தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் என்று 2015 பிப்ரவரி மத்திய பட்ஜெட்டில் அறிவிப்பு. செங்கல்பட்டு, பெருந்துறை, செங்கிப்பட்டி, புதுக்கோட்டை, தோப்பூர் என ஐந்து இடங்கள் போட்டியில். 2018 ஜூனில் தோப்பூர் என்று முடிவு. அந்த டிசம்பரில் 1,264 கோடிக்கு அமைச்சரவை ஒப்புதல். 2019 ஜனவரியில் அடிக்கல். ஜைக்கா கடனுக்குக் கையெழுத்து எப்போது? 2021 மார்ச்சில். அதற்குள் மதிப்பீடு 1,977.8 கோடியாக ஏறியிருந்தது, அதில் 1,627.7 கோடி, ஏறக்குறைய 82 சதவீதம், ஜப்பான் கடன். கட்டுமானம் தொடங்கியது 2024 மார்ச்சில். இடையில் 2022-இல் முதல் 50 எம்பிபிஎஸ் மாணவர்களை இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் உட்காரவைத்தார்கள். 2021 தேர்தலில் ஒரு செங்கல் மேடைக்கு மேடை ஏறிய கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பெரியாஸ்பத்திரியின் ஜப்பான் கடன் கட்டடத்துக்குக் கையெழுத்து 2016, திறப்பு 2024. கடன் கையெழுத்தானதிலிருந்து கணக்கு வைத்தால் அதற்கும் எட்டு வருஷம் ஆகியிருக்கிறது! அதை யாரும் ஏன் பேசவில்லை? அங்கே கடன் முதலில் வந்தது, கல் பிறகு. தோப்பூரில் கல் முதலில், கடன் இரண்டு வருஷம் கழித்து. வெளிநாட்டுக் கடன் என்றால் அவர்கள் ஆள் வந்து பார்ப்பது, திட்ட அறிக்கை, ஆலோசகரைத் தேர்வு செய்வது, டெண்டர் என்று வரிசையாகப் படிகள் இருக்கும். எந்தக் கட்சி ஆண்டாலும் அந்தப் படிகளைத் தாண்டிக் குதிக்க முடியாது. கல்யாண மண்டபம் பார்ப்பதற்கு முன் பத்திரிகை அடித்துக் கொடுத்தால் ஊர் கேட்கத்தானே செய்யும்? மற்ற மாநிலங்களின் புதிய எய்ம்ஸ்களை டெல்லி தன் பட்ஜெட் பணத்திலேயே கட்டியது. மதுரையை மட்டும் கடன் வரிசையில் நிறுத்தியது. என் வருத்தம் ஜப்பான்காரன்மேல் இல்லை, அந்த முடிவின்மேல்தான்.

ஆனால், இதைச் சொல்லும்போது சில நண்பர்களுக்குக் கோபம் வரும், நீண்ட காலக் கணக்கில் தமிழ்நாட்டுக்கு மிக லாபமானது எய்ம்ஸ்தான். மாநிலம் கொடுத்தது நிலம். கடனை அடைப்பது டெல்லி. திறந்த பிறகு பேராசிரியர் முதல் வாட்ச்மேன் வரை சம்பளமும் டெல்லி. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வாழ்நாளில் கட்டடச் செலவு சின்னது. வருஷா வருஷம் போகும் சம்பளம்தான் பெரியது. மிக மெதுவான வழியே மிக மலிவான வழியாகவும் இருக்கிறது. அவசரத்துக்கு உதவாது. லிஃப்ட் நின்றாலும் மதுரைக் கலெக்டரிடம் போய்ப் பயனில்லை, டெல்லிக்குத்தான் எழுத வேண்டும். வாடிப்பட்டிக்காரர் டெல்லிக்கு எழுதுவது எந்த அளவுக்குப் பலிக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மலைக்கு அந்தப் பக்கம்

இதுவரை பார்த்தது எல்லாம் மேலிருந்து கீழே இறங்கும் காசு. பக்கத்துப் பக்கத்து அரசுகள் தங்களுக்குள் கைகோத்தால்?

தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் காலையில் ஜீப் ஏறும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி புத்தகக் கேள்வி இல்லை. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாகப் போய்ப் பொழுது சாயத் திரும்புகிறார்கள். கூலி கேரளத்தில், ரேஷன் தமிழ்நாட்டில், காய்ச்சல் எங்கே பிடித்ததோ தெரியாது. மலைமேல் இருப்பவர்களும் பெரிய வைத்தியத்துக்குக் க.விலக்கில் உள்ள தேனி மருத்துவக் கல்லூரிக்கு இறங்குகிறார்கள்.

சட்டப் புத்தகத்தில் இதற்கு இடம் இருக்கிறது. ஆஸ்பத்திரியும் பொதுச் சுகாதாரமும் மாநிலப் பட்டியலில். ஆனால் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குத் தொற்றுநோய் பரவாமல் தடுப்பது பொதுப்பட்டியலில் 29-ஆவது இனம். 1956-இன் மாநிலச் சீரமைப்புச் சட்டத்தில் தென்மண்டலக் குழுவும் உண்டு. மேசை, நாற்காலி எல்லாம் போட்டாகிவிட்டது. பந்தியில்தான் ஆள் இல்லை. கொரோனா வந்தபோது தமிழ்நாட்டுக்கு ஒரு இ-பாஸ், கேரளத்துக்கு இன்னொரு பதிவு என்று தனித்தனியே கேட்டார்கள். தினமும் மலை ஏறி இறங்கும் ஒரு கூலித் தொழிலாளிக்கு எந்தப் பாஸும் பொருந்தவில்லை. அவரை இரண்டு பக்கமும் பயணி என்றுதான் நினைத்தார்கள்.

2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது நடந்தது இதைவிடப் பரவாயில்லை. மாதிரிகள் கர்நாடகத்தின் மணிப்பாலுக்கும் புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனத்துக்கும் போய் நோய் உறுதியானது. 17 பேர் இறந்தார்கள். இன்னும் பரவாமல் நின்றதற்கு வேகமாகக் கண்டுபிடித்தது ஒரு முக்கியக் காரணம். அங்கே எந்த ஒப்பந்தமும் ஒப்பந்தமாகப் பேசப்படவில்லை. ஒரு ஆய்வகத்தை இன்னொரு மாநிலத்து டாக்டருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். அதற்கப்புறம் கேரளத்தில் நிபா தலைகாட்டும்போதெல்லாம் நம் பக்கம் செய்வது சோதனைச்சாவடியில் தெர்மாமீட்டர் பிடிப்பது. வேண்டாம் என்று சொல்லவில்லை. காய்ச்சல் தொடங்குவதற்கு முந்தைய நாட்களில் கிருமியோடு தாண்டிப் போகிறவரைத் தெர்மாமீட்டர் என்ன செய்யும்?

கடலுக்கு அந்தப் பக்கம்

இது இன்னும் சிக்கல், சுருக்கமாகவே முடித்துவிடுகிறேன். 2016 செப்டம்பரில் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலகச் சுகாதார நிறுவனத்திடம் சான்று வாங்கியது. அது கிடைத்துச் சில மாதங்களுக்குள் மன்னாரில், அங்கே அதுவரை இல்லாத 'ஸ்டெஃபென்சி' கொசு கண்டுபிடிக்கப்பட்டது. நம்மூரில் கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் முட்டையிடும் மலேரியாக் கொசு அதுதான். மன்னாருக்கு எதிர்க்கரை இராமேஸ்வரம். கொசு ஆராய்ச்சிக்கென்றே மதுரை சின்னச்சொக்கிக்குளத்தில் மத்திய அரசின் ஆய்வு நிலையம் 1985 முதல் இருக்கிறது. மதுரையிலிருந்து மன்னார் கூப்பிடு தூரம்தான். ஆனால் முறைப்படி பேச டெல்லி வழியாகக் கொழும்பு போய்த்தான் மன்னாருக்கு வர வேண்டும்.

2022-இல் இலங்கை நெருக்கடியின்போதும் அதே கதை. அரிசி, பால் பவுடர், உயிர்காக்கும் மருந்து அனுப்ப ஏப்ரல் மாதம் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு, டெல்லியின் அனுமதிக்குக் காத்திருந்து, மே மாதம் சென்னையிலிருந்து முதல் கப்பல் போனது. அந்த வேகத்தைக் குறை சொல்ல மாட்டேன். முறை அப்படித்தான், வெளிநாட்டு விவகாரம் டெல்லியின் கையில்.

சார்க் எனும் தெற்காசியக் கூட்டமைப்பின் நாடுகள் 2020 மார்ச் 15 அன்று வீடியோவில் கூடி கொரோனா நிதி தொடங்கின. இந்தியா 1 கோடி டாலர் என்று ஆரம்பித்தது. எல்லோரும் சேர்ந்து 2 கோடி டாலருக்குச் சற்று மேல் வந்தது. உடனே தகராறு: பணத்தை சார்க் தலைமைச் செயலகம் செலவழிக்க வேண்டும் என்றது பாகிஸ்தான். அவரவர் பங்கை அவரவரே முடிவு செய்வது என்பது இந்தியாவின் நிலை. ஒரு உண்டியல் என்று பெயர், எட்டுப் பேருடைய சட்டைப் பை. 2014 காத்மாண்டுவுக்குப் பிறகு உச்சிமாநாடே கூட்ட முடியாத அமைப்பு அது. அதிலிருந்து வேறென்ன எதிர்பார்ப்பது?

சேர்ந்து வாங்குவது

கைகோப்பதில் எனக்கு மிகப் பிடித்தது, மேடை போட முடியாத ஒன்று: மருந்து கொள்முதல்.

1994 ஜூலையில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. அதற்கு முன் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் கிட்டத்தட்டத் தனித்தனிக் கடை. இப்போது மாநிலத்துக்கே ஒரே டெண்டர். மாவட்டத்துக்கு ஒரு கிடங்கு, மதுரையிலும் உண்டு. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக்; வங்கியில் பணம் எடுப்பதுபோல் அதற்குரிய தொகைக்கு மருந்து எடுத்துக்கொள்ளலாம். கிடங்குக்கு வரும் ஒவ்வொரு தொகுப்பும் ஆய்வகச் சோதனையில் தேறினால்தான் வெளியே போகும். இதைப் பார்த்துக் கேரளம், ராஜஸ்தான் எல்லாம் தங்களுக்கு ஒன்று அமைத்துக்கொண்டன. உலகத்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போன இந்த ஏற்பாட்டைப் பற்றி மதுரையில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதில் வெட்ட ரிப்பன் இல்லை.

இதையே நாடுகளுக்கிடையே செய்தவர்கள் அமெரிக்கக் கண்டத்துக்காரர்கள். பான் அமெரிக்கச் சுகாதார அமைப்பு 1977-இல் ஒரு சுழல்நிதி ஏற்படுத்தியது. 41 நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும் சேர்ந்து தடுப்பூசி வாங்குகின்றன. எவ்வளவு குட்டித் தீவாக இருந்தாலும் பெரிய நாட்டுக்கு என்ன விலையோ அதே விலை. நாடு முன்பணம் கட்ட வேண்டியதில்லை. நிதியிலிருந்து கம்பெனிக்குக் கொடுத்துவிடுவார்கள், ஊசி வந்து சேர்ந்த பிறகு 60 நாளில் நாடு திருப்பிக் கட்டும். நம்மூர் மகளிர் குழுவின் சுழல்நிதிக்கும் இதற்கும் அளவில்தான் வித்தியாசம்.

சார்க் நிதிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அங்கே பணத்தைப் போட்டுவிட்டு, எதற்கு, யார் கையால் என்று சண்டை. இங்கே எதற்கு என்பது முதலிலேயே முடிவு: தடுப்பூசி, அவ்வளவுதான். சாமான் கைக்கு வருகிறது, பில் வருகிறது, கட்டாதவன் அடுத்த தடவை மாட்டிக்கொள்வான்.

தென்மாநிலங்கள் ஐந்தும் சேர்ந்தால் 2011 கணக்கின்படியே 25 கோடிப் பேருக்கு மேல். மாத்திரை வகைகளில் பெரிய லாபம் இருக்காது. தமிழ்நாடு தனியாகவே நல்ல விலைக்குத்தான் வாங்குகிறது. லாபம் அபூர்வச் சாமான்களில்: ரத்தம் உறையாத நோய்க்கான (ஹீமோஃபிலியா) ஊசி, சில புற்றுநோய் மருந்துகள், பாம்புக்கடி மருந்து. பாம்புக்கடி மருந்தைக் கேட்டால் சிரிப்பு வரும். அதற்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தில் எடுப்பது. அதை வெளிமாநிலக் கம்பெனிகள் மருந்தாக்கி, நாம் தனித்தனி டெண்டரில் திரும்ப வாங்குகிறோம்.

தடை என்ன? டெண்டர் விதி ஒவ்வொரு மாநிலத்துக்கும் வேறு என்பார்கள். அதை அதிகாரிகள் ஒரு மாதம் உட்கார்ந்தால் சரி செய்துவிடலாம். உண்மையான தடை பாக்கி. ஐந்தில் ஒரு மாநிலம் பில்லைக் கட்டாமல் இழுத்தால் கம்பெனி ஐந்துக்கும் சரக்கை நிறுத்தும். அதனால்தான் கூட்டு டெண்டர் மட்டும் போதாது, முதலில் ஒரு சுழல்நிதி வேண்டும். 41 அரசுகளுக்கு அந்த ஏற்பாடு நாற்பது வருஷத்துக்கு மேல் தாங்கியிருக்கிறது.

சித்திரைத் தேர் ஓட்டத்தில் வடம் பிடிக்க ஆயிரக்கணக்கில் கை வரும். தேர் மாசி வீதி முனையில் திரும்புவது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் சில பேர் கையில். அரசுகள் சேரும் இடத்திலெல்லாம் நான் தேடுவது அந்த முட்டுக்கட்டைக்காரரைத்தான். பெரியாஸ்பத்திரிக் கட்டடத்தில் அவர் சென்னையில் இருக்கிறார், பெயர் தெரியும். மருந்துக் கொள்முதலிலும் தெரியும். எய்ம்ஸில் டெல்லியில் எங்கோ இருக்கிறார். எண்பதுக்கு இருபதில் கட்டும்வரை ஒருவர், கட்டிய பிறகு வேறொருவர். சார்க்கில் அப்படி ஒருவரே இல்லை.

ஆக, மறுபடி அந்தத் தம்பியைப் பார்த்தால் இப்படிச் சொல்வேன்: சீக்கிரம் வேண்டும், பதில் சொல்ல ஆள் பக்கத்தில் வேண்டும் என்றால் மாநிலம் தானே கடன் வாங்கட்டும். நம் பிள்ளைகள் காலத்துச் செலவு குறைய வேண்டும் என்றால் எய்ம்ஸுக்குப் பொறுமையாக நில்லுங்கள், ஆனால் கடன் கையெழுத்தாகாமல் கல் நட விடாதீர்கள். மருந்துக்குத் தென்மாநிலங்கள் சேர்ந்து ஒரு சுழல்நிதி. எல்லை நோய்க்கு மட்டும் டெல்லியும் வேண்டாம், சென்னையும் திருவனந்தபுரமும்கூட ஒவ்வொரு தடவையும் வேண்டாம். தேனிக் கலெக்டரும் இடுக்கிக் கலெக்டரும் கையெழுத்திட்ட ஒரு பக்கத் தாள் போதும். ஜீப்பில் போகிறவருக்குக் காய்ச்சல் என்றால் எந்தப் பக்கம் ரத்தம் எடுப்பது, முடிவு யார் போனுக்கு வரும், வேலைக்குப் போகாமல் இருக்கும் நாட்களின் கூலியை யார் தருவது.

கடைசிக் கேள்வியைத்தான் முதலில் எழுத வேண்டும். கூலி போகும் என்றால் காய்ச்சலை யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு அடுத்த நாள் விடியும் முன் ஜீப் ஏறிவிடுவார்கள்.